கேட்கும் இருதயம்: தமிழ்த் திருமறையில் ‘ஞானம்’ என்னும் சொல்லைக் குறித்த ஒரு திறனாய்வு

திருச்சபையில் ஆயரை நாடி வருவோர் பெரும்பாலும் கோட்பாட்டைப் பற்றிய ஐயங்களோடு வருவதில்லை. மகளை இந்தக் குடும்பத்தில் மணமுடித்துக் கொடுக்கலாமா, பூர்வீக நிலத்தை விற்று மகனைப் படிக்க வைக்கலாமா, நோயுற்ற தாயை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, உடன்பிறந்தவன்மீது வழக்குத் தொடரலாமா என்பன போன்ற வினாக்களே அவர்களை ஆயர் இல்லத்தின் வாசலுக்குக் கொண்டுவருகின்றன. இவ்வினாக்களுக்கு நாம் அளிக்கும் விடையோ பெரும்பாலும் ஒன்றே: ஜெபியுங்கள், கர்த்தர் ஞானத்தைத் தருவார். இவ்விடை தவறானதன்று, யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் இதற்குச் சான்று. ஆயினும், இதைக் கேட்டுச் செல்பவர் ‘ஞானம்’ என்னும் சொல்லால் எதை எதிர்பார்த்துச் செல்கிறார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? சிலர் ஒரு கனவை எதிர்பார்க்கின்றனர். சிலர் கண்ணை மூடித் திருமறையைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே இறைவனின் தீர்ப்பாகக் கொள்கின்றனர். வேறு சிலருக்குப் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையே போதுமானதாயிருக்கிறது. மனிதன் விசாரித்து, கேட்டு, எடைபோட்டு ஒரு முடிவுக்கு வரும் செயலும் ஞானத்தைச் சேர்ந்ததே என்னும் எண்ணம் இவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கவனத்துக்கு எளிதில் வாராத ஒன்றை மட்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அது நம் திருமறையின் மொழியைச் சார்ந்தது. ‘ஞானம்’ என்னும் சொல் நம் வாசிப்புக்கு எதைத் தந்தது, எதை மறைத்தது என்று கேட்பதும், மறைந்ததை மீட்டுக்கொள்ளத் தமிழிலேயே வழி உண்டா என்று பார்ப்பதும் நம் நோக்கமாகும்.

1. ஒரு சொல்லின் இரு சுமைகள்

திருமறை தமிழுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ‘ஞானம்’ என்னும் சொல் நம் சமய மொழியில் உயர்ந்த இடத்தைப் பெற்றிருந்தது. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளை வகுத்து, ஞானத்தை அவற்றின் முடிவாக வைத்தது. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் துறவறத்தை விரதம், ஞானம் என இரண்டாகப் பகுத்து, நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் ஆகிய அதிகாரங்களை ஞானத்தின்கீழ் அமைத்தார். ஆகவே தமிழ்ச் செவிக்கு ஞானம் என்பது உலகைக் கடந்து செல்பவனின் உடைமை. சந்தையிலும் வயலிலும் வழக்காடும் மன்றத்திலும் பயன்படும் திறமைக்கு அறிவு, புத்தி, சூழ்ச்சி, விவேகம் என வேறு சொற்கள் இருந்தன.

கிறிஸ்தவ மறைபரப்பாளர் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன்மேல் மற்றொரு சுமையையும் ஏற்றினர். 17ஆம் நூற்றாண்டில் தத்துவ போதகர் என்றழைக்கப்பட்ட இராபர்ட் தெ நோபிலி தம் மறைக்கல்வி நூலுக்கு ‘ஞானோபதேசம்’ என்று பெயரிட்டார். ஞானஸ்நானம், ஞானத்தந்தை, ஞானப்பாட்டு எனக் கத்தோலிக்கரிடையேயும் சீர்திருத்தத் திருச்சபையாரிடையேயும் வழங்கிய தொடர்களில் ‘ஞான’ என்னும் அடைமொழி ‘ஆவிக்குரிய’ என்னும் பொருளையே தருகிறது. 1871இல் வெளிவந்து, ஹென்றி பவர் ஐயரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் இவ்வழக்கைக் காணலாம். 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் உண்ட உணவும், குடித்த பானமும், அவர்களோடு சென்ற கன்மலையும் கிரேக்கத்தில் ‘நியூமாட்டிக்கோஸ்’ என்னும் அடைமொழியைப் பெற்றுள்ளன, அதாவது, ஆவிக்குரியவை. தமிழிலோ அவை ஞானபோஜனம், ஞானபானம், ஞானக்கன்மலை என்றாயின. எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் ஆவிக்குரிய பாடல்கள் ஞானப்பாட்டுகள் ஆயின.

இதே மொழிபெயர்ப்பில்தான் எபிரெயத்தின் ‘ஹொக்மா’வும் கிரேக்கத்தின் ‘சோபியா’வும் ஞானம் என்றே பெயர்க்கப்பட்டுள்ளன. ஆகவே மூலமொழிகளில் வேறு வேறான இரு கருத்துகள், ஆவிக்குரிய தன்மையும் வாழ்வியல் திறமும், தமிழ் வாசகருக்கு ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன. ஞானஸ்நானத்தில் உள்ள ஞானமும் நீதிமொழிகளில் உள்ள ஞானமும் ஒன்றே என்று ஓர் எளிய விசுவாசி கருதினால் அது அவருடைய குற்றமன்று. அவருடைய திருமறை அவ்வாறே அவருக்குப் பேசுகிறது.

2. எபிரெய மரபில் ஹொக்மா

எபிரெயத் திருமறையில் ஹொக்மா என்னும் சொல் நடமாடும் இடங்களைத் தொகுத்துப் பார்ப்பின், அது முதலில் கையிலும் கண்ணிலும் குடியிருக்கும் திறமை என்பது விளங்கும். ஆசரிப்புக் கூடாரத்தின் பொன், வெள்ளி, வெண்கல வேலைகளைச் செய்யப் பெசலெயேல் பெற்றது ஹொக்மாவே (யாத். 31). கூடாரத் திரைகளுக்கு நூல் நூற்ற பெண்களின் இருதயத்தில் இருந்ததும் அதுவே (யாத். 35). சங்கீதம் 107இல் புயலில் அகப்பட்ட மாலுமிகள் இழப்பதும் அதையே. அங்கு மூழ்கிப்போவது தத்துவ ஞானம் அன்று, கப்பலோட்டும் திறமை. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் எறும்பும், குழிமுசலும், வெட்டுக்கிளியும், அரண்மனையில் வாழும் சிற்றுயிரும் ஞானமுள்ளவை எனப் பாராட்டப்படுகின்றன. தங்கள் சிறுமையை அறிந்து அதற்கேற்ப வாழும் வகையைக் கண்டுகொண்டமையே அவற்றின் பெருமை.

இவ்விடங்களில் எல்லாம் நம் மொழிபெயர்ப்பாளர் ‘ஞானம்’ என்றே எழுதினர். ஆனால் ஓரிடத்தில் அவர்களால் அவ்வாறு எழுத இயலவில்லை. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில், தாமாரைக் கெடுக்க அம்னோனுக்கு வழி சொல்லிக்கொடுத்த யோனதாபை எபிரெய மூலம் ‘ஹாகாம்’ என்கிறது; ஞானி என்று நாம் பெயர்க்கும் அதே சொல். தமிழில் அவன் ‘தந்திரவாதி’ ஆகிவிட்டான். மொழிபெயர்ப்பாளரின் தயக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே. தமிழில் புனிதம் பெற்றுவிட்ட ஒரு சொல்லை இத்தகையவனுக்கு எப்படிச் சூட்டுவது? எனினும் இதனால் நாம் இழந்தது பெரிது. ஹொக்மா தன்னளவில் நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய ஒரு கருவி என்பதை எபிரெய ஆசிரியர் அறிந்திருந்தார். அதனாலன்றோ அதற்குக் கர்த்தருக்குப் பயப்படுதல் என்னும் தொடக்கம் தேவைப்பட்டது! யோனதாபிடம் ஹொக்மா இருந்தது, தொடக்கம் இல்லை. இவ்வொப்பீடு தமிழ் வாசகருக்குக் கிட்டாமல் போயிற்று.

‘ஆரூம்’ என்னும் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் சர்ப்பத்தைக் குறிக்கையில் அது தந்திரம்; நீதிமொழிகளில் ஆபத்தை முன்னறிந்து ஒதுங்குபவனைக் குறிக்கையில் அதுவே விவேகம். மூலத்தில் ஒரே சொல். தமிழில் ஒன்று மற்றொன்றை அறியாது.

நீதிமொழிகளின் முகவுரையை நோக்குவோம். முதல் ஏழு வசனங்களில் அந்நூலாசிரியர் அறிவுத்துறைச் சொற்கள் பலவற்றை அடுக்கி வைக்கிறார்: ஹொக்மா, கண்டித்துத் திருத்தும் போதனையாகிய ‘மூசார்’, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துணரும் ‘பீனா’, அனுபவத்தால் வரும் அறிவாகிய ‘தஅத்’, மற்றும் ‘தஹ்புலோத்’. இறுதியாகக் கூறிய சொல் கயிற்றைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது என்றும், கப்பலைத் திருப்பும் கயிறுகளைக் கையாளும் தொழிலை நினைவூட்டுவது என்றும் அறிஞர் பலர் கருதுவர். செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கப்பல் செலுத்துதலைக் குறிக்கும் ‘கூபெர்நேசிஸ்’ என்றே பெயர்த்தது. வாழ்க்கையில் முடிவு எடுத்தலுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. காற்று நம் கையில் இல்லை. கடலும் நம் கையில் இல்லை. கயிறு நம் கையில் உள்ளது. தமிழ்த் திருமறையில் இது நல்ல ஆலோசனை என்னும் பொதுச் சொல்லாக அமைந்துள்ளது; பொருள் வந்தது, கயிறு வரவில்லை.

இப்பகுதியில் இன்னொன்றும் கருதற்பாலது. 1:7இல் கர்த்தருக்குப் பயப்படுதல் எதற்குத் தொடக்கம் என்று மூலம் கூறுகிறதோ அது ‘தஅத்’, அதாவது அறிவு. அதே வசனத்தின் பிற்பகுதியில் மூடர் அசட்டை செய்வது ஹொக்மாவை. தமிழில் இரண்டும் ஞானமே. 9:10இலோ தொடக்கம் ஹொக்மாவுக்கு; அங்கே தஅத்தும் பீனாவும் ஒருசேர ‘அறிவு’ என்றாகிவிட்டன. பல நிறங்களால் தீட்டிய ஓர் ஓவியம் இரண்டு நிறங்களில் அச்சிடப்பட்டதை ஒக்கும் இது. நூலின் வாசலிலேயே அறிவுக்கும் ஞானத்துக்கும் இடையேயுள்ள நுண்ணிய வேறுபாடுகள் அழிந்துபோனதால், உள்ளே செல்லும் வாசகர் அவற்றைத் தேடுவதும் இல்லை.

இஸ்ரவேலின் ஞானிகள் இவ்வறிவை வானத்திலிருந்து மட்டும் எதிர்நோக்கி இருக்கவில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. எகிப்தின் ‘அமெனெமோப்பேயின் போதனை’ என்னும் பழம்பெரும் நூல் 1923இல் வெளியிடப்பட்டது. நீதிமொழிகள் 22:17 முதல் வரும் பகுதிக்கும் அந்நூலுக்கும் உள்ள நெருங்கிய ஒற்றுமையை அடுத்த ஆண்டே அடால்ப் எர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். நூலின் கடைசி இரு அதிகாரங்கள் ஆகூர், லேமுவேல் என்போரின் பெயர்களைத் தாங்கியுள்ளன. லேமுவேலின் மொழிகளோ அவனுடைய தாய் அவனுக்குக் கற்பித்தவை. அயலாரிடமிருந்தும் ஒரு தாயிடமிருந்தும் கேட்டுக்கொள்ள இஸ்ரவேல் வெட்கப்படவில்லை. கேட்டதைக் கர்த்தருக்குப் பயப்படுதலின் ஒளியில் வைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

3. கிபியோனில் வேண்டப்பட்ட வரம்

ஞானம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவன் சாலொமோன். ஆயினும் கிபியோனில் அவன் கனவில் வேண்டியது யாது? 1 இராஜாக்கள் 3:9இல் அவன் கேட்டது ‘ஞானமுள்ள இருதயம்’ என்று தமிழ் கூறும். எபிரெய மூலத்தில் இவ்விடத்தில் ஹொக்மா இல்லை. அங்குள்ள தொடர் ‘லேவ் ஷோமேஅ’. நேர்ப்பொருள், கேட்கும் இருதயம். செப்துவஜிந்த் இதைக் கேட்பதற்கான இருதயம் என்று சரியாகவே காத்தது. இலத்தீன் வுல்காத்தா போதனையை ஏற்கும் இருதயம் என்று பெயர்த்து ஓரளவு நெருங்கியது. ஆங்கிலத்தின் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு உணர்வுள்ள இருதயம் என்று மாற்றியது. தமிழ் மேலும் ஒரு படி சென்று, ‘ஞானமுள்ள’ என்றே எழுதிற்று. சாலொமோன் ஞானி என்பது முன்னரே தெரிந்த செய்தியாதலால், அவன் வேண்டியதும் ஞானமாகவே இருத்தல் வேண்டும் என்று கருதினர் போலும்.

இம்மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இவ்வதிகாரத்தின் கட்டமைப்பே கேட்டல் என்னும் வினையின்மேல் எழுந்தது. 11ஆம் வசனத்தில் இறைவன் சாலொமோனின் வேண்டுதலைத் திரும்பக் கூறும்போது, வழக்கைக் ‘கேட்பதற்கு’ வேண்டிய உணர்வு என்று மூலத்தில் அதே வினை வருகிறது. தொடர்ந்து வரும் இரண்டு பெண்களின் வழக்கு இவ்வரத்துக்கு விளக்கவுரையாக அமைகிறது. அவர்கள் வேசிகள்; சமுதாயம் அவர்கள் பேச்சுக்குச் செவிசாய்ப்பதில்லை. அவ்வீட்டில் வேறு சாட்சியும் இல்லை. அரசன் இருவரையும் முழுமையாகப் பேசவிடுகிறான். பின்னர் 23ஆம் வசனத்தில் அவன் செய்யும் முதற்செயல், ஒருத்தி சொல்வது இது, மற்றவள் சொல்வது இது என்று இருவர் கூற்றையும் திரும்ப எடுத்துரைப்பதாகும். வாளைக் கொண்டுவரச் சொன்னது அதன் பின்னரே. வாளின் காட்சியையே நாம் பிரசங்கத்தில் விரித்துரைக்கிறோம். அதற்கு முன்னுள்ள, அழகற்றதாகத் தோன்றும் அந்த வசனத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். உண்மையில் தீர்ப்பு அந்த வசனத்திலேயே தொடங்குகிறது. வாளும்கூட ஒரு கேள்வியே. சொற்களால் தெரியாத உண்மையை, ஒரு தாயின் கதறலைக் கேட்பதற்காக எழுப்பப்பட்ட கேள்வி. இறைவனின் ஞானம் அரசனுக்குள் இருந்தது என்று மக்கள் கண்டுகொண்டது, அவன் நியாயம் செய்ததைப் பார்த்து. 28ஆம் வசனத்தில்தான் ஹொக்மா என்னும் சொல் இவ்வழக்கில் முதன்முதலாக வருகிறது. கேட்டலின் கனியாக வருகிறது.

இவ்விடத்தில் நம் மொழியின் செல்வமொன்றை நினைத்தல் தகும். தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் செவியால் கேட்பதையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். வள்ளுவர் பொருட்பாலில் அரசியலைப் பாடும்போது இறைமாட்சியை அடுத்துக் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என அதிகாரங்களை வரிசைப்படுத்தியுள்ளார். கல்விக்கும் அறிவுக்கும் நடுவே கேள்வி நிற்கிறது. அதைத் தொடர்ந்து பெரியாரைத் துணைக்கோடலும், பின் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என முடிவெடுக்கும் கலையின் அதிகாரங்களும் அமைந்துள்ளன. மெய்யுணர்தலோ வேறு பாலில், துறவறத்தில் உள்ளது. ஞானம் வேறு, நாடாள்பவனுக்கும் இல்லறத்தானுக்கும் வேண்டிய சூழ்தல் வேறு எனத் தெளிவாகப் பிரித்துணர்ந்த ஒரு மொழியில், ‘கேட்கும் இருதயம்’ என்னும் தொடர் அயலாக ஒலித்திராது. கேள்வியுடைய நெஞ்சம் என்று அதைத் தமிழர் எளிதில் உணர்ந்திருப்பர்.

4. கேளாத செவி

இராஜாக்களின் நூலாசிரியர் கேட்டல் என்னும் இவ்விழையைக் கிபியோனோடு விட்டுவிடவில்லை. சாலொமோன் மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்னான். ஆயிரத்தைந்து பாடல்களைப் பாடினான். கேதுரு முதல் ஈசோப்பு வரை மரங்களையும், மிருகங்களையும் பறவைகளையும் மீன்களையும் பற்றிப் பேசினான் என 4ஆம் அதிகாரம் கூறும். அவனைக் கேட்க எல்லா நாடுகளிலிருந்தும் வந்தனர். கவனிக்க: இப்போது கேட்பவர் மற்றவர்கள்; பேசுபவன் சாலொமோன். அடுத்த அதிகாரத்திலேயே முப்பதாயிரம் பேர் கொண்ட கட்டாய வேலைப்படை லீபனோனுக்கு அனுப்பப்படுகிறது. அறிவு பெருகிக்கொண்டிருந்தது, கேட்கும் இருதயம் எங்கே என்று ஆசிரியர் வெளிப்படையாக வினவவில்லை. 12ஆம் அதிகாரத்தில் மக்களே அதை வெளியிடுகின்றனர்: உம்முடைய தகப்பன் எங்கள் நுகத்தைப் பாரமாக்கினார் என்பதே சீகேமில் அவர்கள் முறையீட்டின் சாரம்.

அங்கு ரெகொபெயாம் மூன்று நாள் அவகாசம் பெறுகிறான். முறைப்படி ஆலோசனை கேட்கிறான். முடிவெடுக்கும் வழிமுறையில் வெளிப்படையான குறை ஏதுமில்லை என்றே தோன்றும். ஆயினும் ஆசிரியரின் நுட்பம் நோக்கற்பாலது. முதியோர் சொன்ன ஆலோசனையை அவன் தள்ளிவிட்டான் என்பது 8ஆம் வசனத்தில், அவன் இளைஞரை வினவுவதற்கு முன்னரே கூறப்படுகிறது. முதியோரிடம் ‘நீங்கள்’ என்ன ஆலோசனை சொல்கிறீர்கள் என்று வினவியவன், தன்னோடு வளர்ந்த இளைஞரிடம் ‘நாம்’ என்ன மறுமொழி கொடுக்கலாம் என்று வினவுவதாக எபிரெய மூலம் அமைந்துள்ளது. அந்த ‘நாம்’ என்னும் ஒரு சொல்லில் முடிவு முன்பே உறுதியாகிவிட்டது. எஞ்சியது ஒப்புதல் மட்டுமே. பிறகு 15, 16 ஆகிய வசனங்களில், அரசன் மக்களுக்குச் செவிகொடுக்கவில்லை என்பது இருமுறை கூறப்படுகிறது. கிபியோனில் தகப்பன் வேண்டிய அதே வினை, மகனிடத்தில் எதிர்மறையாகிறது. கி.மு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் அரசு இரண்டாகப் பிளந்தது.

ஆலோசனை கேட்பதும் கேட்பதாகப் பாவனை செய்வதும் வேறென்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் பகுதி திருமறையில் அரிது. நம் சபைக் குழுக் கூட்டங்களிலும் பேராயக் கூட்டங்களிலும் ‘நீங்கள்’ எங்கே முடிந்து ‘நாம்’ எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இவ்வதிகாரம் பழங்கதையாக இராது.

5. அழகிய ஆலோசனையும் நல்ல ஆலோசனையும்

2 சாமுவேல் 17ஆம் அதிகாரம் வேறொரு ஆபத்தைக் காட்டுகிறது. அப்சலோமின் முன் இரண்டு ஆலோசனைகள் வைக்கப்படுகின்றன. அகித்தோப்பேலின் பேச்சு சுருக்கமானது: பன்னீராயிரம் பேரோடு இன்றிரவே நான் சென்று, களைத்திருக்கும் அரசனை மட்டும் வெட்டுவேன், மக்கள் திரும்புவர். உவமை ஒன்றே ஒன்று. காலக் கணக்கு உண்டு. இழப்பைக் குறைக்கும் எண்ணமும் உண்டு. தாவீதின் நண்பனாகிய ஊசாயின் பேச்சோ நீண்டது, உவமைகள் நிறைந்தது. குட்டிகளைப் பறிகொடுத்த கரடி, சிங்கத்தின் இருதயம், கடற்கரை மணல், நிலத்தில் இறங்கும் பனி, கயிறு கட்டிப் பள்ளத்தாக்குக்குள் இழுக்கப்படும் பட்டணம் என்று படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு சிறு தூண்டில்: இளவரசர் தாமே படைநடத்திச் செல்லவேண்டும். அகித்தோப்பேலின் திட்டத்தில் அப்சலோமுக்கு வேலை இல்லை. ஊசாயின் திட்டத்தில் அவனே நாயகன். அவையோர் ஊசாயினுடையதே சிறந்தது என்றனர். அகித்தோப்பேலின் ஆலோசனையே நல்லது என்பதை ஆசிரியர் 14ஆம் வசனத்தில் மறைக்காமல் கூறி, அது முறியடிக்கப்படுமாறு கர்த்தர் கட்டளையிட்டிருந்தார் எனவும் சேர்த்துக் கூறுகிறார்.

இறைவனின் செயல் இங்கே வானத்திலிருந்து இறங்கும் ஓர் அடையாளமாக வரவில்லை. ஒரு மனிதன் எதைக் கேட்க விரும்புகிறான் என்பதனூடே நடந்தேறுகிறது. அப்சலோமிடம் தகவல் இருந்தது, ஆலோசகர் இருந்தனர், காலமும் இருந்தது. தன் செவி எந்தப் பக்கம் சாய்கிறது என்னும் தன்னறிவு மட்டும் இல்லை. சொல்லணியைத் தொழிலாகக் கொண்ட நாம், பிரசங்க பீடத்தில் நிற்பவர்கள், இவ்வதிகாரத்தை அச்சத்தோடு வாசிக்க வேண்டும். நம் உவமைகளின் அழகால் யாரோ ஒருவர் நல்ல முடிவொன்றைக் கைவிட்டிருக்கக் கூடும்.

6. எழக்கூடிய மறுப்பு

இங்ஙனம் ஞானத்தைக் கேட்டலும் ஆராய்தலும் ஆக்கிவிட்டால், இறைவனின் ஈவு என்னும் தன்மை குன்றிவிடாதா என்று சிலர் வினவலாம். இம்மறுப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. யோபு 28ஆம் அதிகாரம் சுரங்கம் தோண்டும் மனிதனின் வியத்தகு திறமையை எல்லாம் பாடிவிட்டு, ஞானத்தின் இருப்பிடத்தை இறைவன் ஒருவரே அறிவார் என்கிறது. நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தில் ஞானம் படைப்பின்போது இறைவனோடு இருந்தது. பவுல் கிறிஸ்துவையே தேவஞானம் என்கிறார். இவற்றைத் தாங்கும் உயரம் ‘ஞானம்’ என்னும் சொல்லுக்கு மட்டுமே தமிழில் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ‘அறிவு’ என்று மாற்றிவிட்டால் இவ்வுயரம் சரியும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்று மாற்றியபோதும், ‘சாலமோனின் ஞானம்’, ‘சீராக்கின் ஞானம்’ என்னும் நூற்பெயர்களில் இச்சொல்லையே காத்தது. ஆகவே சொல்லை நீக்குவது நம் பரிந்துரை அன்று.

ஆனால் திருமறை ஈவையும் முயற்சியையும் எதிரெதிராக நிறுத்துவதில்லை. பெசலெயேலை இறைவனின் ஆவி நிரப்பியது. அதனால் அவன் உளியைக் கீழே வைத்துவிடவில்லை. மனிதனின் இருதயம் தன் வழியை யோசிப்பதும், கர்த்தர் அவன் நடையை உறுதிப்படுத்துவதும் நீதிமொழிகள் 16:9இல் ஒரே வசனத்தில் உள்ளன. குதிரை போருக்கு ஆயத்தமாக்கப்படுகிறது; வெற்றி கர்த்தருடையது என்னும் கருத்து 21ஆம் அதிகாரத்தை முடித்து வைக்கிறது. குதிரையை ஆயத்தமாக்காதே என்று அங்கு கூறப்படவில்லை. பிரசங்கியின் 11ஆம் அதிகாரம் இதனினும் துணிவானது: காற்றையே பார்த்துக்கொண்டிருப்பவன் விதைக்கமாட்டான், எது வாய்க்கும் என்று தெரியாததனாலேயே காலையிலும் மாலையிலும் விதைக்க வேண்டும். அறியாமை செயலற்றிருப்பதற்குக் காரணமாகாது; பணிவோடு செயல்படுவதற்கே காரணம்.

அறிவுக்கும் எல்லை உண்டு என்பதற்கு யோபின் நண்பர்களே சாட்சி. அவர்கள் கூறியவற்றுள் பல பொய்யல்ல. எலிப்பாஸ் கூறிய ஒரு கருத்தைப் பவுலே 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் திருமறைச் சான்றாக எடுத்தாள்கிறார். ஆயினும் முடிவில் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொள்கிறார். ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்த வரையில் அவர்கள் ஞானிகளாயிருந்தனர். பேசத் தொடங்கியபின் யோபைக் கேட்பதை நிறுத்தி, தாங்கள் கற்றதையே கேட்டுக்கொண்டிருந்தனர். இவ்விதத்தில் நீதிமொழிகள் 26:4, 5 பெரிதும் உதவுகின்றன. மூடனுக்கு மறுமொழி சொல்லாதே என்று ஒன்றும், சொல் என்று அடுத்ததும் கூறுகின்றன. தொகுத்தவர் இம்முரண்பாட்டை அறியாதவர் அல்லர். அறிந்தே அருகருகே வைத்தார். எந்த வசனம் இந்த மனிதனுக்கு, இந்த நாளுக்கு உரியது என்பதை வசனம் தானே சொல்லாது. வாசிப்பவர் எதிரே இருப்பவரைக் கேட்டறிந்து தெரிந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடித் திறக்கப்பட்ட பக்கத்தால் இது இயலாது.

7. ஆயர் பணிக்கு இதன் பொருள்

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளை நம் பணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பிரசங்கத்தில் ‘ஞானம்’ என்னும் சொல் வருமிடமெல்லாம் அது ஹொக்மாவா, தஅத்தா, ஆவிக்குரியதைக் குறிக்கும் அடைமொழியா என்று நாம் பிரித்துக் காட்டவேண்டும். எபிரெயச் சொற்களைப் பீடத்தில் அடுக்குவது இதற்குத் தேவையில்லை. தறியில் நெய்பவளின் கைத்திறமும், மழையைக் கணித்து விதைப்பவரின் அனுபவமும், கடனுக்கு ஜாமீன் நிற்குமுன் இருமுறை எண்ணும் குடும்பத் தலைவியின் எச்சரிக்கையும் திருமறை ஞானம் என்றழைப்பவற்றுள் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னாலே போதும். கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்கள் தங்களிடமும் ஞானம் உண்டு என்று அன்று முதன்முறையாக அறிவர்.

இரண்டாவது, ஆலோசனை நாடி வருபவருக்கு நாம் அளிக்கும் முதற்கொடை செவியாக இருக்கட்டும். வழக்கில் முதலில் பேசுபவன் நியாயமுள்ளவனாகத் தோன்றுவான், மற்றவன் வந்து விசாரிக்கும்வரை என்னும் கருத்தை நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் முன்வைக்கிறது. மணமகளின் தந்தை வந்து பேசினால், அந்த மகள் என்ன சொல்கிறாள் என்று அறியாமல் ஆயர் ஜெபித்து அனுப்பிவிடலாகாது. நிலத்தை விற்க எண்ணுபவரிடம் அந்நிலத்தில் வேலை செய்பவர் யார், கடன் எவ்வளவு, பட்டா யார் பெயரில் என்று வினவுவது ஆவிக்குரிய பணிக்குப் புறம்பானதன்று. அது சாலொமோன் வேண்டிய வரத்தின் பயன்பாடு. அதன் பின்னரே ஜெபம். அப்போது அந்த ஜெபம் எதற்காக என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, திருச்சபையாக நாம் முடிவெடுக்கும் முறை. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சங்கம் பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதத் துணிந்தது. அத்துணிவுக்கு முன் நடந்ததை லூக்கா வரிசையாகக் கூறுகிறார்: நீண்ட தர்க்கம், பேதுருவின் பேச்சு, பின் கூட்டத்தார் எல்லாரும் அமைதியாகி, பர்னபாவும் பவுலும் புறஜாதியாரிடையே கண்டதைச் சொல்லக் கேட்டமை, இறுதியில் யாக்கோபு, தமக்குச் செவிகொடுக்குமாறு வேண்டித் தொடங்கிய தீர்மானம். அங்கே சீட்டுப்போடுதல் இல்லை, தரிசனமும் இல்லை. பேதுரு முன்னர்க் கண்ட தரிசனம்கூட, சபையின் முன் வைக்கப்பட்டு ஆராயப்பட்ட அனுபவமாகவே வருகிறது. இவ்வாறு கேட்டு முடித்த சபைதான் ஆவியானவரின் பெயரைத் தன் தீர்மானத்தில் எழுதும் உரிமையைப் பெற்றது. கேளாமல் எடுத்த தீர்மானங்களுக்கு அப்பெயரைச் சூட்டும் வழக்கம் நம்மிடையே உண்டாயின், அதை நாம் விட்டொழிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் நமக்கு ஓர் உயர்ந்த சொல்லைத் தந்து சென்றனர். அதன் உயரத்தை நாம் காத்துக்கொள்வோம். அதன் கால்கள் சந்தை வீதியிலும் நெசவுத் தறியிலும் கப்பல் தளத்திலும் வழக்கு மன்றத்திலும் ஊன்றியிருந்தன என்பதையும் இறைமக்களுக்கு நினைவூட்டுவோம். ‘ஞானமுள்ள இருதயம்’ என்று வாசிக்கப்படும் ஒவ்வொரு ஞாயிறும், கேட்கும் இருதயம் என்னும் மூலத்தையும் உடன் சொல்லி விளக்குவது ஆயருக்குச் சில நிமிடங்களே ஆகும் பணி. அவ்விளக்கத்தைக் கேட்ட ஒருவர், மறுநாள் தம் வீட்டில் ஒரு முடிவை எடுக்குமுன் தம் மனைவியையும் மகளையும் பேசவிட்டுக் கேட்பாரானால், நீதிமொழிகளின் ஆசிரியர் எண்ணிய ஞானம் அவ்வீட்டில் தொடங்கிவிட்டது எனலாம்.